ஷெல் கேட்கும் ஒரே கேள்வி

டீ வருவதற்குள் ஒரு சின்ன வேலை. லினக்ஸ் டெர்மினலைத் திறந்து, காலியான ஃபோல்டர் ஒன்றுக்குள் போய், 5 என்பது 10-ஐவிடப் பெரியதா என்று ஷெல்லிடம் கேளுங்கள். கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

இஃப் [ 5 > 10 ]; தென் எக்கோ பெரியது; ஃபை

'பெரியது' என்று பதில் வரும். பிழைச் செய்தி எதுவும் இருக்காது. இப்போது எல்எஸ் போட்டுப் பாருங்கள். காலியாக இருந்த ஃபோல்டரில் '10' என்ற பெயரில் ஒரு ஃபைல் முளைத்திருக்கும். உள்ளே ஒரு எழுத்துகூட இருக்காது.

பைத்தானோ சி-யோ படித்துவிட்டு ஷெல் ஸ்கிரிப்ட் பக்கம் வருபவர்களுக்கு இந்த மாதிரி இடத்தில்தான் கோபம் வரும். ஐந்தும் பத்தும் தெரியாத இதெல்லாம் ஒரு மொழியா என்பார்கள். ஷெல்லுக்காக நான் வக்காலத்து வாங்குவேன். கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. நாம் கேட்டதாக நினைத்துக்கொண்ட கேள்விதான் வேறு. மற்ற மொழிகளில் இஃப் என்று எழுதினால் 'இது உண்மையா?' என்று பொருள். ஷெல்லின் இஃப்புக்கு உண்மை, பொய் என்ற வகையறாவே கிடையாது. ஒரு கமாண்டை ஓடவிட்டு, 'போன காரியம் முடிந்ததா?' என்று மட்டும் கேட்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஷெல்லில் கோணல்மாணலாகத் தெரிகிற முக்கால்வாசி விஷயங்கள் தாமாக நேராகிவிடும்.

யூனிக்ஸ் குடும்பத்தில் எந்த புரோகிராம் ஓடினாலும், முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். எக்ஸிட் ஸ்டேட்டஸ் என்பார்கள். 0 முதல் 255 வரை ஏதாவது ஒன்று. திரையில் அது தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் எக்கோ $? என்று கேட்க வேண்டும். அதுவும் உடனே கேட்க வேண்டும். நடுவில் வேறெந்தக் கமாண்ட் ஓடினாலும் பழைய எண் அழிந்து புதியது வந்துவிடும். எக்கோ $? என்பதையே இரண்டு தடவை அடித்துப் பாருங்கள். இரண்டாம் தடவை கிடைப்பது முதல் எக்கோவின் எண், அதாவது 0.

0 என்றால் வேலை முடிந்தது. வேறு எதுவானாலும் முடியவில்லை. சி படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்; அங்கே 0 என்றால் பொய். ஆனால் ரேஷன் கடைக்குப் பையனை அனுப்பிய வீட்டில் என்ன நடக்கிறது? சர்க்கரை வாங்கிவந்தால் பேச ஒன்றுமில்லை, பையை வைத்துவிட்டு அவன் விளையாடப் போய்விடுவான். வெறும் கையோடு வந்தால்தான் விசாரணை: கடை பூட்டியிருந்ததா, சரக்கு வரவில்லையா, கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனானா? முடிந்த வேலைக்கு ஓர் எண் போதும். முடியாத வேலைக்குக் காரணம் சொல்ல 255 எண்கள் மீதம் இருக்கின்றன.

அவற்றில் சில எண்களுக்கு ஷெல்லே பொருள் வைத்திருக்கிறது. அப்படி ஒரு கமாண்டே இல்லையென்றால் 127. கமாண்ட் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லையென்றால் 126. ஓடிக்கொண்டிருப்பதை கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் 130. குறுக்கிடும் சிக்னலின் எண் 2, அதோடு 128-ஐக் கூட்டிய கணக்கு அது. மற்றதெல்லாம் அந்தந்த புரோகிராம் எழுதியவர் வைத்த சட்டம்.

ஃபைலுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் வைத்திருக்கும் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் இஃப்போடு சேர்ந்து அதிகம் உழைப்பது அதுதான். தேடிய சொல் கிடைத்தால் 0. கிடைக்காவிட்டால் 1. தேடவே முடியவில்லை, ஃபைலே இல்லை அல்லது திறக்க அனுமதி இல்லை என்றால் 2. இப்போது இப்படி எழுதலாம்:

இஃப் கிரெப் -க்யூ கமலா பட்டியல்
தென்
  எக்கோ ஏற்கெனவே இருக்கிறார்
எல்ஸ்
  எக்கோ கமலா >> பட்டியல்
ஃபை

எங்கேயும் சதுர அடைப்புக்குறி இல்லை, கவனித்தீர்களா? இஃப்புக்குப் பக்கத்தில் நேரடியாக ஒரு கமாண்ட் நிற்கிறது. -க்யூ போட்டால் கிரெப் வாயை மூடிக்கொண்டு எண்ணை மட்டும் கொடுக்கும். ஷெல்லின் இஃப் இதற்காகத்தான் பிறந்தது. அடைப்புக்குறி போட்டால்தான் இஃப் என்று நினைத்துக்கொண்டு, கிரெப்பின் விடையை ஒரு வேரியபிளில் பிடித்து, அது காலியா இல்லையா என்று நாலு வரி எழுதுபவர்களை நிறையப் பார்க்கலாம். வேலை நடக்கும்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

இதே உதாரணத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. பட்டியல் இருக்கிறது, ஆனால் படிக்க அனுமதி இல்லை என்று வையுங்கள். கிரெப் 2 என்று சொல்லும். இஃப்புக்கு 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் கிடையாது, 0 இல்லை என்றால் எல்ஸ். எழுத அனுமதி மட்டும் இருந்துவிட்டால், கமலா ஏற்கெனவே பட்டியலில் இருந்தாலும் இன்னொரு தடவை ஏறிவிடுவார். 'இல்லை' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் ஒரே வாசல் வழியாக வெளியே வருகின்றன. பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இஃப்பை விட்டுவிட்டு, $?-ஐ எடுத்து கேஸ் போட்டு 0-க்கு ஒரு வழி, 1-க்கு ஒரு வழி, மீதிக்கு ஒரு வழி என்று எழுதுவதே நல்லது. எல்இஃப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை; அடுத்த கமாண்டை ஓட்டி அதே கேள்வியை மறுபடி கேட்கும், அவ்வளவுதான்.

சரி, அந்தச் சதுர அடைப்புக்குறி யார்? எல்எஸ் /யூஎஸ்ஆர்/பின்/[ என்று அடித்துப் பாருங்கள். இருக்கிறது! எல்எஸ், கிரெப் போலவே '[' என்ற ஒற்றைக் குறியைப் பெயராகக் கொண்ட ஒரு புரோகிராம் டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். டெஸ்ட் என்ற கமாண்டின் இன்னொரு பெயர் அது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, இந்தப் பெயரில் கூப்பிட்டால் மட்டும் கடைசிச் சொல்லாக ']' வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும். வேகத்துக்காக பேஷ் போன்ற ஷெல்கள் இதையே தங்களுக்குள்ளும் வைத்திருக்கின்றன, நடத்தை அதேதான்.

இது புரிந்தவுடன் ஸ்பேஸ் பற்றிய புலம்பல் நின்றுவிடும். '[' ஒரு கமாண்டின் பெயர் என்றால், அதற்குப் பிறகு ஸ்பேஸ் விட்டுத்தானே ஆக வேண்டும்? எல்எஸ்ஸையும் ஃபோல்டர் பெயரையும் ஒட்டி எழுதினால் ஓடுமா? = குறியின் இரண்டு பக்கமும் ஸ்பேஸ் வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான், ஆனால் அங்கே ஆபத்து அதிகம். [ $அ=$ஆ ] என்று ஒட்டி எழுதினால் பிழை வராது. '[' கமாண்டுக்கு அது ஒரே ஒரு சொல். ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால், அது காலியா இல்லையா என்றுதான் அது பார்க்கும். நடுவில் = இருப்பதால் அது ஒருபோதும் காலியாக இருக்காது. உள்ளே ஸ்பேஸ் இல்லாதவரை, அ என்னவாக இருந்தாலும், ஆ என்னவாக இருந்தாலும், பதில் எப்போதும் 'ஆமாம்'.

முதலில் பார்த்த பத்தின் மர்மமும் இங்கேயே அவிழ்கிறது. எந்தக் கமாண்டுக்குப் பக்கத்திலும் > வந்தால், 'வெளியே வருவதை இந்த ஃபைலில் போடு' என்றுதான் ஷெல்லுக்குப் பொருள். ஆக, '[' கமாண்டை ஓட்டி, வருவதை 10 என்ற ஃபைலில் போடச் சொல்லியிருக்கிறோம். '[' கையில் மிஞ்சியது 5 என்ற ஒற்றைச் சொல். காலி இல்லை. 0. எண்களை ஒப்பிட -ஜிடி, -எல்டி, -ஈக்யூ என்று எழுத்துகளாக வைத்ததன் நியாயம் இப்போது தெரிந்திருக்கும். >, < இரண்டும் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டன.

இந்த ஏற்பாட்டின் வேர் எழுபதுகளில் இருக்கிறது. யூனிக்ஸின் முதல் ஷெல்லை பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதினார். அதில் இஃப் என்பதே ஷெல்லுக்குள் இல்லை. அதுவும் வெளியே இருந்த ஒரு தனி புரோகிராம். அதைவிட வேடிக்கை கோட்டூ. அதுவும் தனி புரோகிராம்தான். ஷெல் படித்துக்கொண்டிருக்கும் அதே ஸ்கிரிப்ட் ஃபைலை இதுவும் திறந்த நிலையில் பெற்றிருக்கும். கேட்ட லேபிள் இருக்கும் வரியைத் தேடி, படிக்கும் இடத்தை அங்கே நகர்த்தி வைத்துவிட்டு வெளியேறிவிடும். திரும்பி வந்த ஷெல், தன் காலடியில் கம்பளம் நகர்ந்ததே தெரியாமல் புது இடத்திலிருந்து படிக்கத் தொடங்கும். லேபிளைக் குறிக்க அன்று வைத்த ':' இன்றும் ஷெல்லில் இருக்கிறது, எதுவும் செய்யாமல் 0 சொல்லும் கமாண்டாக.

இன்று நாம் எழுதும் இஃப்-தென்-ஃபை வடிவம் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லோடு, 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்தது. போர்ன் அதற்கு முன் கேம்பிரிட்ஜில் ஆல்கால் 68 மொழிக்கான கம்பைலரில் வேலை செய்தவர். தொடங்கிய சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு முடிக்கும் பழக்கத்தை அங்கிருந்து கொண்டுவந்தார். இஃப்புக்கு ஃபை, கேஸுக்கு ஈசாக். டூ-வுக்கும் அப்படியே செய்திருப்பார், ஆனால் 'ஓடி' என்ற பெயரில் ஃபைலை எட்டடிமான எண்களாகக் காட்டும் கமாண்ட் ஒன்று ஏற்கெனவே இருந்துவிட்டது. அதனால்தான் அங்கே மட்டும் டன். ஆல்கால் மேல் அவருக்கு இருந்த பிரியம் எவ்வளவு என்றால், ஷெல்லின் சி நிரலையே மேக்ரோக்களால் ஆல்கால்போல் தோற்றமளிக்கும்படி எழுதிவைத்தார். புரியாத நிரல் எழுதுவதற்கென்றே 1984-இல் ஒரு சர்வதேசப் போட்டி தொடங்கினார்களே, அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் அந்த நிரலும் ஒன்று.

எல்லாவற்றையும் மாற்றியும் ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. இஃப் ஷெல்லுக்குள் வந்தது, ஆனால் சோதிக்கும் வேலை வெளியே இருக்கும் கமாண்டின் பொறுப்பாகவே இருந்தது. இந்தப் பிரிவினையில்தான் ஷெல்லின் பலம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நாளை நீங்கள் எழுதும் ஒரு குட்டி புரோகிராம்கூட ஒழுங்காக 0, 1 கொடுத்தால், இஃப்புக்குப் பக்கத்தில் கிரெப்புக்குச் சமமாக நிற்கலாம்.

பலத்துக்கு விலையும் உண்டு. '[' சாதாரணக் கமாண்ட் என்பதால், அதற்குக் கொடுக்கும் சொற்களை ஷெல் முதலில் பிரித்துப்போட்டு விடும். [ $விடை = ஆம் ] என்று எழுதி, விடை காலியாக இருந்தால், அந்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சாது. '[' கையில் போய்ச் சேருவது [ = ஆம் ] என்பது மட்டும். குழம்பிப்போய்ப் பிழைச் செய்தியைக் கொட்டி, 2 என்று எண் கொடுக்கும். இஃப் என்ன செய்யும்? நிற்காது. 0 இல்லை, எல்ஸ் பக்கம் போகும். "$விடை" என்று டபுள் கோட்டுக்குள் போட்டால், காலியாக இருந்தாலும் ஒரு காலிச் சொல்லாவது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஷெல்லில் கோட் போடலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரம் செலவழிக்காதீர்கள். போட்டுவிடுங்கள்.

இந்தத் தொல்லைக்காகவே டேவிட் கார்ன் தன் கார்ன் ஷெல்லில் இரட்டை அடைப்பைக் கொண்டுவந்தார். பேஷும் அதை எடுத்துக்கொண்டது. [[ ]] என்பது கமாண்ட் அல்ல, ஷெல்லின் இலக்கணத்தில் ஒரு பகுதி. கோட் போடாவிட்டாலும் சொல் காணாமல் போகாது, > போட்டால் ஃபைல் முளைக்காது. ஆனால் [[ 5 > 10 ]] என்று கேட்டுப் பாருங்கள். மறுபடியும் 'ஆமாம்' என்றுதான் வரும்! இந்தத் தடவை காரணம் வேறு: அகராதி வரிசையில் 5, 1-க்குப் பின்னால் வருகிறது. எண்ணாக ஒப்பிட வேண்டுமென்றால் (( 5 > 10 )) என்று எழுதுங்கள், அல்லது -ஜிடி போடுங்கள்.

-ஈக்யூ போடும்போதும் ஒரு வினோதம். [[ ]] உள்ளே எண்ணின் முன்னால் 0 இருந்தால், அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8-ம் 9-ம் கிடையாது. டேட் கமாண்ட் மாதத்தை 01, 02 என்று இரண்டு இலக்கமாகக் கொடுக்கும். அதை அப்படியே எடுத்து ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஜனவரியிலிருந்து ஜூலைவரை ஒழுங்காக ஓடும். ஆகஸ்ட் பிறந்ததும் 08 செல்லாத எண் என்று அலறும், செப்டம்பரிலும் அலறும், அக்டோபர் 1 அன்று யாரும் தொடாமலே குணமாகிவிடும். ஒற்றை அடைப்புக்கு இந்த வியாதி இல்லை. அது 08-ஐ எட்டாகவே படிக்கும்.

இரட்டை அடைப்பு எல்லா ஷெல்லிலும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். உபுண்டு 2006-இல், 6.10 பதிப்பில், /பின்/எஸ்ஹெச் என்ற பெயருக்குப் பின்னால் பேஷுக்குப் பதில் டாஷ் என்ற சின்ன ஷெல்லை வைத்தது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு உள்ளே [[ எழுதினால், டாஷ் அதை ஒரு கமாண்டாக நினைத்துத் தேடும். கிடைக்காது. 127. இஃப் அதையும் 'முடியவில்லை' என்று எடுத்துக்கொண்டு எல்ஸுக்குள் போய்விடும்.

இஃப் எழுதாமலே இஃப் போடும் வழியும் இருக்கிறது. இரண்டு கமாண்டுகளுக்கு நடுவே && போட்டால், முதலாவது முடிந்தால் மட்டும் இரண்டாவது ஓடும். || போட்டால், முதலாவது முடியாவிட்டால் மட்டும். சிடி பழசு && ஆர்எம் *.லாக் என்பது நல்ல பழக்கம். ஃபோல்டருக்குள் நுழைய முடியாவிட்டால் அழிப்பதும் நடக்காது. ஆனால் இரண்டையும் கோத்து அ && ஆ || இ என்று எழுதிவிட்டு இஃப்-எல்ஸ் எழுதியதாக நினைக்காதீர்கள். அ முடிந்து, ஆ தோற்றுப்போனாலும் இ ஓடும். இஃப்-எல்ஸில் இரண்டு கிளைகளும் ஓடுவது என்பது நடக்கவே நடக்காது.

பைப் இருக்கும் இடத்திலும் யாருடைய எண்ணைப் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸ் டம்பை ஜிஜிப்புக்குள் விட்டு பேக்கப் எடுப்பது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். பாஸ்வேர்டு மாறிவிட்டது, டம்ப் ஒன்றையும் அனுப்பாமல் செத்துப்போனது. ஜிஜிப் கவலைப்படாது. வெறுமையை அழகாகச் சுருக்கி 20 பைட்டில் ஒரு ஃபைல் செய்து, 0 சொல்லும். பைப்பில் கடைசியாக நிற்பவரின் எண்தான் செல்லும் என்பதால் இஃப்பும் திருப்தியாகி, 'பேக்கப் முடிந்தது, பழையதை அழி' என்று அடுத்த வரிக்குப் போய்விடும். பேஷில் செட் -ஓ பைப்ஃபெயில் என்று மேலே ஒரு வரி போட்டால், நடுவில் யார் தோற்றாலும் மொத்தப் பைப்பும் தோற்றதாகக் கணக்கு.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டதற்கு ஊரறிந்த உதாரணம் லினக்ஸில் ஓடும் ஸ்டீம். வால்வ் நிறுவனத்தின் விளையாட்டுக் கடை அது. அதைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்ட், ஒருவருடைய ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டது என்று 2015 ஜனவரியில் தெரியவந்தது. பேக்கப்புக்காக அவர் மாட்டிவைத்திருந்த வெளி டிஸ்க்கும் தப்பவில்லை. ஸ்டீம் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு லிங்க் வைத்ததுதான் அவர் செய்தது. ஸ்கிரிப்ட் தான் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடிக்க இப்படி ஒரு வரி வைத்திருந்தது: அந்த ஃபோல்டருக்குள் சிடி செய், முடிந்தால் அதன் பாதையை எக்கோ செய், வருவதை ஒரு வேரியபிளில் போடு. பிறகு ஃபோல்டரைச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில், ஆர்எம் -ஆர்எஃப் "$ரூட்/"* என்ற வகையில் ஒரு வரி. அதற்கு மேலே எழுதியவரே 'ஸ்கேரி!' என்று ஒரு குறிப்பும் விட்டிருந்தார். சிடி தோற்றால் எக்கோ ஓடாது, வேரியபிள் காலி. காலிக்குப் பக்கத்தில் / வந்தால் அது மொத்த டிஸ்க்கின் உச்சி. அங்கிருந்து, அந்த யூசருக்கு அனுமதி இருக்கும் அத்தனையும் அழிந்துகொண்டே போகும்.

அந்த முதல் வரியில் && இருந்தது என்பதைக் கவனியுங்கள். கோட்டும் ஒழுங்காக இருந்தது. சிடியும் தன் எண்ணைக் கொடுத்தது. வேரியபிளில் போடும் வரிக்கும் எக்ஸிட் ஸ்டேட்டஸ் உண்டு, உள்ளே ஓடிய கமாண்டின் எண்ணே அந்த வரியின் எண். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. வரியின் கடைசியில் || எக்ஸிட் 1 என்று சேர்த்திருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அதுவும் பாதிதான். ஸ்கிரிப்டை யாராவது / என்ற உச்சியிலேயே கொண்டுபோய் வைத்து ஓட்டினால், சிடி வெற்றிகரமாக முடியும், வேரியபிளில் / வந்து உட்காரும், எக்ஸிட் ஸ்டேட்டஸும் 0 என்றே இருக்கும். அதற்கு ஆர்எம் வரிக்கு முன்னால் இன்னும் ஓர் இஃப் வேண்டும்: இஃப் [ -என் "$ரூட்" ] && [ "$ரூட்" != / ]; தென்.